தராசில் வைத்த சந்தனப் பொட்டு

குசினியில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நிற்கிறேன். இடது கையில் ஒரு சின்னத் தராசின் தண்டு. வலது கைப் பெருவிரலை நனைத்து, தண்டின் முனையில் காய்ந்து கிடக்கும் மஞ்சள் பொட்டைத் தேய்க்கிறேன். முதலில் அசையவில்லை. பிறகு ஊறி, கூழாகி, தண்ணீரோடு போய்விட்டது. கொஞ்ச நேரம் தொட்டிக்குள் சந்தன வாசம் நின்றது.

மனைவி வசந்தி பின்னால் வந்து நின்றாள்.

“என்னப்பா, பூசையில வைச்ச பொட்டையே துடைக்கிறியள்?”

“ஊத்தையாக் கிடந்தது,” என்றேன்.

அந்தப் பொட்டைத் துடைக்க அரை நிமிடம்கூடச் செல்லவில்லை. அதைப் பற்றி வாய் திறக்க எனக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் சென்றிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களின் கோணல்களை எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வருகிறவர்களின் பெயர்களை நான் வழக்கமாக மாற்றித்தான் எழுதுவேன். இந்த வாரம் ஒரு பெயரை மாற்றவில்லை. நிஸாம் என்பது அவனுடைய சொந்தப் பெயர். ஏன் மாற்றவில்லை என்பது கடைசியில் வரும்.

துவக்கின் மற்றப் பக்கம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், கீழே பேஸ்மென்ற் உள்ள ஒரு வீட்டில் குடியிருந்தோம். நிஸாம் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. இரும்பு உதிரிப்பாகங்கள் செய்கிற இடம். அவன் கடைசல் இயந்திரத்தில் வெட்டுவான். நான் வெட்டினதை அளந்து பார்த்துச் சரி, பிழை சொல்லுவேன். அதனால் அவன் எனக்கு வைத்த பெயர் அளவு மாஸ்டர். நக்கலுக்கு வைத்தான். எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

இரண்டு பேரும் யாழ்ப்பாண நகரத்தவர்கள். அவன் படித்த பள்ளிக்கூடமும் நான் படித்ததும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் ரொறன்ரோவில்தான் முதன்முதல் சந்தித்தோம். அவனுடைய உம்மாவும் சகோதரங்களும், யாழ்ப்பாணத்து மற்ற முஸ்லிம்களைப் போல, தொண்ணூறில் ஒரு நாள் காலையில் உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் செய்த வேலை அது. அந்தச் செய்தி வந்தபோது நான் இங்கே சோறு தின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். அதை நிஸாம் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

துவக்குக்குப் பயந்து கனடாவுக்கு ஓடி வந்தவன் இங்கே வந்து துவக்குச் சுடப் போனான் என்றால் நம்புவீர்களா? ஊரில் நான் துவக்கின் ஒரு பக்கத்தைத்தான் கண்டிருக்கிறேன், அதுவும் ஓட்டை இருக்கிற பக்கத்தை. தொழிற்சாலையில் ஒருவர் தன் கிளப்புக்கு ஒரு சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நகரத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த சுடுதிடல் அது. மரப் பலகையில் ஒட்டிய கடதாசியைத் தவிர அங்கே யாருக்கும் யாரிலும் கோபம் இல்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது. நிஸாமுக்கு அந்த அமைதி பிடித்துப்போயிற்று. படித்து, சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, அவன் ஒரு ரைபிள் வாங்கினான். எனக்குத் துவக்கு வாங்கும் துணிச்சல் வரவில்லை. வசந்தி விட்டிருக்கவும் மாட்டாள். நான் அவனுடையதில் சுடுவேன்.

ஊர் ஆட்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. கலியாண வீடுகளில் சனிக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டால் மீன் பிடிக்க என்று சொல்லுவோம். எங்கே மீன் என்று கேட்டால், கிடைக்கவில்லை என்போம்.

விரலால் தடவிப் பார்க்கிற வேலை

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோது வீணாகப் போவதில்லை. அதைத் துடைத்து, பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் பிரைமர் என்கிற சின்னத் தீக்குமிழைப் பதித்து, வெடிமருந்து விட்டு, மேலே சன்னம் என்கிற ஈயக் குண்டை இறுக்கினால் மறுபடியும் தோட்டா. கிளப்பில் பலர் இதை வீட்டிலேயே செய்தார்கள். அளவு மாஸ்டருக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் பேஸ்மென்றில் ஒரு மேசை போட்டோம்.

நிஸாமின் ரைபிள், தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற வகை. ஒன்று வெடித்ததும் அதன் காற்றிலேயே பூட்டுப் பின்னால் ஓடி, வெறுங்கோதை எறிந்து, அடுத்ததை இழுத்துக்கொண்டு படாரென்று மூடும். கையால் மெதுவாகப் பூட்டுகிற துவக்கு சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது. பிரைமர் ஒரு துளி வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் மூடுகிற அடியிலேயே வெடித்துவிடலாம். மருந்து கூடினால் பூட்டு நேரத்துக்கு முன்னமே திறக்கப் பார்க்கும். ஆகவே கோதின் நீளத்தை அளக்க வேண்டும், ஒவ்வொரு பிரைமரையும் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். நிஸாம் கண்ணை மூடிக்கொண்டு தடவுவான். உம்மா அரிசியில் கல் பார்க்கிற மாதிரி என்று தானே சொல்லிச் சிரிப்பான்.

மேசைக்கு மேல் நான் ஒரு கடதாசி ஒட்டியிருந்தேன். முத்து முத்தான என் கையெழுத்தில் விதிகள். மேசையில் ஒரு வகை மருந்துதான் இருக்கலாம். புத்தகத்தில் உள்ள அளவுக்கு மேல் போகக் கூடாது. கதை, சிகரெட், போன் எதுவும் இல்லை. மருந்து விட்ட கோதுகளை வரிசையாக நிறுத்தி டோர்ச் அடித்து, உள்ளே மருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போது, வெறுந்தராசு சைபரில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

வேலையைப் பிரித்திருந்தோம். மருந்தை நிறுத்துக் கொடுப்பது நான். கோதுக்குள் விடுவதும் டோர்ச் அடிப்பதும் அவன்.

ஆயுதபூசை

அந்த ஒக்டோபரில் சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் கடைசி நாள் ஆயுதங்களை எல்லாம் சாமிக்கு முன்னால் வைப்போம். மகளின் கணக்குப் புத்தகங்கள், வசந்தியின் தையல் மெசின், என்னுடைய அளவுக் கருவிகள், அதோடு கார்த் திறப்புக் கொத்து. ஒரு வருடம் மகள் டிவி ரிமோட்டையும் கொண்டுவந்து வைத்தாள். அது ஆயுதமா என்று கேட்டதற்கு, உங்களுக்கும் அம்மாவுக்கும் அதில்தானே சண்டை என்றாள். பொட்டு வைத்துவிட்டோம்.

தொழிற்சாலையிலும் என் மேசைக்கு யாரும் காணாமல் ஒரு பொட்டு வைப்பேன். மேற்பார்வையாளர் ஒருமுறை அது என்ன கிறீஸ் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நான் பதறிப்போனேன். பூசைப் பொட்டை நாங்களாக எடுக்கக் கூடாது, காய்ந்து தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வேறு வீடுகளில் எப்படியோ தெரியாது.

அந்த முறை தோட்டா செய்கிற தராசையும் கோதை நெருக்குகிற அச்சையும் தூக்கிக்கொண்டு வந்தேன். மருந்தைக் கொண்டுவரவில்லை, அந்தளவு மூளை இருந்தது. வசந்திக்குப் பிடிக்கவில்லை.

“சரஸ்வதிக்கு முன்னாலை துவக்குச் சாமானோ?”

“ஆயுதபூசை எண்டால் பின்னை என்ன? கத்தரிக்கோலுக்கு மட்டுமோ?”

“நீங்களே வையுங்கோ. நான் தொடமாட்டன்.”

நானே வைத்தேன். எங்கள் வீட்டுச் சந்தனம் கொஞ்சம் தாராளம். தராசுத் தண்டின் ஒரு முனையில் மருந்துத் தட்டுத் தொங்கும், மறுமுனையில் எடையை நகர்த்துவோம். எடைப் பக்கத்து முனை அகலமாக, வாட்டமாக இருந்தது. அங்கே ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். தள்ளி நின்று பார்த்தபோது தராசு மாப்பிள்ளை போல இருந்தது.

அடுத்த நாள் விஜயதசமி, சனிக்கிழமை. எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்கிற நாள். இருபது தோட்டாவாவது செய்ய வேண்டும் என்று நிஸாமைக் காலையிலேயே கூப்பிட்டேன். அவன் தராசைப் பார்த்தான்.

“என்ன மச்சான், தராசுக்கும் சுன்னத்து வீட்டுச் சோடினையோ?”

சிரித்தோம். தராசைச் சைபரில் பார்த்தேனா? பார்க்கவில்லை. பூசைக்கு முதல் நாள்தான் துடைத்துச் சரி பார்த்து வைத்திருந்தேன். சாமிக்கு முன்னால் இருந்த தராசை யார் வந்து குழப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். குழப்பியது நான்தான். எடைப் பக்கத்தில் சந்தனம் இருந்தால், அதைச் சமன் செய்யத் தட்டில் மருந்து கூடப் போக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் கணக்கு. எனக்கு அன்று விளங்கவில்லை.

பாதியில் மேலே போன் அடித்தது. வசந்தி படியில் நின்று, புத்தளத்தில் இருந்து உம்மா, டோர்செட் பார்க் வீட்டுக்கு எடுத்து, அங்கே இந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். நிஸாமின் கையில் அப்போது மருந்து. அவன் கடதாசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“போய் எடு மச்சான், உம்மா எல்லோ,” என்றேன்.

போய்ப் பேசிவிட்டு வந்தான். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. விட்ட இடத்தில் இருந்து தொடங்கினான். முடிந்ததும் வரிசையாக நிறுத்தி டோர்ச் அடித்தான். இருபதும் ஒரே உயரம்.

ஐந்தாவது

அடுத்த நாள் சுடுதிடலில் குளிர். இலைகள் விழத் தொடங்கியிருந்தன. நிஸாம் முதலில் சுட்டான். மூன்றாவது தோட்டாவுக்குப் பிறகு தோளைத் தடவிக்கொண்டு திரும்பினான்.

“இண்டைக்குக் கொஞ்சம் கூடவா உதைக்குது மச்சான்.”

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எறிந்த கோதுகளைப் பொறுக்கி, அடியைப் பார்த்திருக்க வேண்டும். பிரைமர் தட்டையாகியிருந்தால், மருந்து கூடிவிட்டது என்று அதுவே சொல்லியிருக்கும். நான் அளவு மாஸ்டர்.

“குளிருக்குத் தோள் இறுகியிருக்கும். சுடு,” என்றேன்.

ஐந்தாவது வெடித்த சத்தம் வேறு. கோதின் அடி கிழிந்து, காற்று கீழாலும் பக்கத்தாலும் பாய்ந்து, ரைபிளின் மரம் பிளந்துவிட்டது. நிஸாம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். கண்ணுக்குப் போட்டிருந்த காப்புக் கண்ணாடி குறுக்கே வெடித்திருந்தது. அது இல்லாவிட்டால் கண் போயிருக்கும். புருவத்துக்கு மேல் கிழிந்து இரத்தம் ஒழுகியது. இடது உள்ளங்கையில் மரச் சிராய்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அவன் முதல் சொன்ன வசனம் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

“நான் போன் எடுக்கப் போனனான், மச்சான்.”

எனக்கு உடனே விளங்கியது. ஏற்கெனவே மருந்து விட்ட கோதுக்குள் திரும்ப வந்து மறுபடியும் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறான். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். திடலின் பொறுப்பாளர் விபத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தோட்டாவை யார் செய்தது என்று கேட்டார். நிஸாம் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு, தான் என்றான். அவர் எழுதினார். நாங்கள் இரண்டு பேரும் என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. மிச்சம் பதினைந்து தோட்டாவையும் பிரித்து அழித்துவிடும்படி என்னிடம் தந்தார், நான் நிதானமான ஆளாகத் தெரிந்தேனாம்.

ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டு, அவனை வீட்டில் விட்டுவிட்டு, பின்னேரம் நான் பேஸ்மென்றுக்கு இறங்கினேன். லைட்டைப் போட்டேன். தராசு அப்படியே இருந்தது. பொட்டும் அப்படியே இருந்தது.

பிறகு தண்டைக் கழற்றிக்கொண்டு குசினிக்குப் போனேன். தொடக்கத்தில் சொன்ன இடம் அதுதான்.

துடைத்த தராசில், மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். பதினைந்திலும் மருந்து ஒரே அளவில் கூடியிருந்தது; முதல் நாலு கோதும் தாங்கின, ஐந்தாவது தாங்கவில்லை. நிஸாமின் கை ஒரு துளியும் பிசகவில்லை. பிழையான அளவை அவன் சரியாக விட்டிருக்கிறான். அடுத்த நாள் அந்த மருந்தை வளவின் மூலையில் நிலத்தில் மெல்லியதாகக் கொட்டிப் பற்றவைத்தேன். சீறி அடங்கியது. அதோடு சாட்சியும் போய்விட்டது.

நான் சொல்லாத காரணங்கள்

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல விதமாகக் கேட்டிருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த காலம், பொலிஸ் வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். இலங்கைத் தமிழன் வீட்டில் வெடிமருந்து என்று பேப்பரில் வந்தால் எங்கள் சனத்துக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தேன். இதெல்லாம் கேட்க நல்லாயிருக்கிறது. எல்லாம் சாட்டு. நிஸாமின் காதுக்குள் மட்டும் சொல்ல எந்தப் பொலிஸ் தடுத்தது? அளவு மாஸ்டர் தராசில் சந்தனத்தை அப்பிவிட்டுச் சைபர் பார்க்க மறந்தான் என்று தொழிற்சாலை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து நிஸாம் வந்தான். தன் பங்குச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேலே அந்த டோர்ச்.

“இனி நான் உதுக்குச் சரிவர மாட்டன். நீ கவனமான ஆள், நீ வைச்சிரு.”

வாங்கிக்கொண்டேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனான். வசந்தி கோப்பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் தொழிற்சாலையில் அவன் பகுதிக்குப் பொறுப்பாளர் வேலை வந்தது. நிஸாமைத்தான் கேட்டார்கள். வேண்டாம் என்றான். பத்துப் பேருடைய கையும் காலும் இயந்திரத்தில் போகாமல் பார்க்கிற வேலைக்குத் தன் கவனத்தைத் தானே நம்பவில்லை என்று என்னிடம் சொன்னான். அந்த வேலையை எனக்குத் தந்தார்கள். எடுத்தேன். கேக் வெட்டினோம். முதல் துண்டை அவன்தான் எனக்கு ஊட்டினான். அதை விழுங்கினேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

மோர்னிங்சைட்டில் ஒரு பேத்தி

போன வருடம் நிஸாமின் மகளுக்குப் பிள்ளை பிறந்து பார்க்கப் போனோம். இப்போது மோர்னிங்சைட்டில் மகளோடு இருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, புருவத்துக்கு மேல் அந்தக் கோடு மட்டும் நரைக்கவில்லை. மகள் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் உடனே வாங்கவில்லை. மெல்லக் கார்ப்பெற்றில் உட்கார்ந்து, காலை மடித்து, மடியைச் சரி செய்த பிறகுதான் கையை நீட்டினான். வயது போய்விட்டது, முழங்கால் என்று நினைத்தேன்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதில் இருந்து அந்தப் பொட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டு, அனுப்பும் முன் அவனுக்குப் போன் எடுத்தேன். நேரில் போகத் தைரியம் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

“நிஸாம், அண்டைக்கு மருந்து கூடினது உன்ர கையாலை இல்லை,” என்று தொடங்கி, பொட்டில் இருந்து தொட்டி வரை சொல்லி முடித்தேன். அவனுடைய பக்கத்தில் டிவிச் சத்தம் நின்றது.

“எல்லாத் தோட்டாவுமோ?”

“ஓம். பிரிச்சது பதினைஞ்சும்.”

“அப்ப நான் ரெண்டாந்தரம் விடேல்லை.”

“இல்லை.”

“டோர்ச் அடிச்சனானோ எண்டு இவ்வளவு காலமும் எனக்கு ஞாபகம் வரேல்லை.”

“அடிச்சனி. நான் பக்கத்திலை நிண்டனான்.”

அந்தப் பக்கம் பேத்தி சிணுங்கும் சத்தம் கேட்டது.

“மச்சான், நான் பேத்தியை நிண்டுகொண்டு தூக்கிறேல்லை. தெரியுமோ?”

“முழங்கால் எண்டு நினைச்சன்.”

“முழங்காலுக்கு ஒண்டுமில்லை.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இதை எழுதியிருக்கிறேன், பெயரை மாற்றித்தான் போட்டிருக்கிறேன், பயப்படாதே என்றேன்.

“ஏன் மாத்திறாய்? கிளப் புத்தகத்தில என்ர பேர்தானே கிடக்கு. இதிலையும் அந்தப் பேரையே போடு.”

மன்னித்துக்கொள் என்கிற சொல்லைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். அதற்கு முதல் போனை வைத்துவிட்டான்.

அவன் கேட்டபடி சொந்தப் பெயரையே திரும்பப் போட்டுவிட்டேன். மருந்து விட்டவன் நிஸாம். அவன் விட்டது சரி. அளந்து கொடுத்தவன் நான்.